விக்டோரியா காலத்துக் கண்ணீர்ப் பாட்டுகளும் அவை அச்சான தாள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தக் காலத்துச் சங்கதி?

விக்டோரியா ராணி ஆண்டது 1837 முதல் 1901 வரை. அதில் கடைசி முப்பது வருடங்கள்தான் இந்தப் பக்கத்தின் எல்லை. இடம் லண்டனும் அமெரிக்க நகரங்களும். அமெரிக்கா அந்த ராணிக்குக் கட்டுப்பட்ட நாடு இல்லைதான். ஆனால் லண்டனை அழவைத்த பாட்டு கப்பலேறிப் போய் பாஸ்டனையும் அழவைத்தது. அதனால் இரண்டையும் சேர்த்தே பேசுவது வழக்கம்.

‘பார்லர் பாலட்’ என்றால் என்ன? மியூசிக் ஹால் பாட்டும் அதுவும் ஒன்றா?

இல்லை. மியூசிக் ஹால் என்பது குடியும் கேலியும் ஆட்டமும் கலந்த மேடை. 1891-ல் லாட்டி காலின்ஸ் லண்டனில் காலைத் தூக்கி ஆடிப் பாடிய ‘டா-ரா-ரா பூம்-டி-ஏ’ அந்த ரகம். பார்லர் பாலட் வீட்டு முன்னறைக்கானது. இரவுச் சாப்பாடு முடிந்து விருந்தாளிகள் உட்கார்ந்திருக்க, அந்த வீட்டுப் பெண் பியானோ வாசிப்பாள், யாராவது எழுந்து நின்று பாடுவார்கள். அப்பா முன்னால் பாடக் கூசும் வரி எதுவும் அதில் இருக்காது.

ரெக்கார்டு இல்லாத காலத்தில் ஒரு பாட்டு ‘ஹிட்’ என்று எப்படித் தெரியும்?

தாள் எத்தனை பிரதி விற்றது என்பதை வைத்துத்தான். எடிசன் 1877-லேயே போனோகிராபைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அது சாதாரண வீடுகளுக்குள் வர இருபது வருடம் போல ஆனது. அதுவரை, பிடித்த பாட்டை மறுபடி கேட்க வேண்டுமென்றால் வீட்டில் யாராவது பாடித்தான் ஆக வேண்டும். பாடுவதற்கு வரியும் நோட்ஸும் அச்சிட்ட தாளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். வாங்குகிறவர் ரசிகர் மட்டுமல்ல, அவரே பாடகர். ஆகவே பாட்டு அவர் குரலுக்கு எட்ட வேண்டும், பியானோ பகுதி வீட்டுப் பெண்ணின் விரலுக்கு அடங்க வேண்டும். ஒரே பாலட்டை மூன்று நான்கு சுருதிகளில் தனித்தனியாக அச்சிட்டு, அட்டையில் ‘நம்பர் 1, நம்பர் 2’ என்று போட்டு விற்றார்கள். கட்டைக் குரல்காரரையும் கீச்சுக் குரல்காரரையும் விட்டுவிடக் கூடாதல்லவா? நோட்ஸ் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பாட்டு வரிக்கு மேலே டோனிக் சோல்பா எழுத்துகளும் இருக்கும். அது ஜான் கர்வன் ஊர் ஊராகப் பரப்பிய, நம் ச-ரி-க-ம போன்ற முறை.

ஏன் எல்லாப் பாட்டிலும் யாராவது சாகிறார்கள்?

எல்லாப் பாட்டிலும் இல்லை, ஆனால் நிறையப் பாட்டில். செத்துப்போன குழந்தை, கடலுக்குப் போய்த் திரும்பாத காதலன், கிழவனாகி அடுப்படியில் உட்கார்ந்து பழைய காதலை நினைப்பவன், ஊரை விட்டு ஓடிய மகள், குடிகார அப்பா. 1891-ல் அமெரிக்காவில் சார்லஸ் கிரஹாம் எழுதிய ஒரு பாட்டில் ஓடிப்போன மகளின் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள். அம்மா மட்டும் அவளை இன்னும் நினைக்கிறாள். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமாக இருக்காது.

‘செயற்கையான அழுகை’ என்று இவற்றைத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அந்தப் பாட்டுகளை வாங்கிய வீடுகளில் குழந்தைச் சாவு அரிதான செய்தி இல்லை. மகனோ மகளோ கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ கப்பலேறிவிட்டால், பெற்றவர்கள் மறுபடி அந்த முகத்தைப் பார்ப்பது நிச்சயமில்லை. நாலு பேர் முன்னால் துக்கத்தைச் சொந்த வாயால் சொல்வது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள், அதைப் பாட்டாகப் பாடினால் யாரும் தப்பாக நினைக்கவில்லை. அழுகை அவர்களுடையது, நிஜமானது. அதை அச்சிட்டு விற்கலாம் என்று கண்டுபிடித்தது பதிப்பாளர். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை என்பதுதான் என் கட்சி.

‘ராயல்டி பாலட்’ என்கிறார்களே, யாருக்கு ராயல்டி?

பாட்டெழுதியவருக்கு என்று நினைப்பீர்கள். வேடிக்கை என்னவென்றால், பாடியவருக்கும்தான்.

லண்டனில் பூசி என்ற பதிப்பகம். அதன் ஜான் பூசி 1867 வாக்கில் செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் ‘பாலட் கச்சேரி’களை ஆரம்பித்தார். தன் பதிப்பகம் அச்சிட்ட பாட்டுகளைத் தன் கச்சேரியிலேயே பெரிய பாடகர்களை வைத்துப் பாடவைத்தார். கேட்டவர்கள் மறுநாள் அவருடைய கடையிலேயே தாளை வாங்கினார்கள். குறிப்பிட்ட பாட்டைத் தொடர்ந்து கச்சேரிகளில் பாடினால், விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும் பாடகருக்கு இத்தனை பென்ஸ் என்று ஒப்பந்தம். ‘மேடம் ஆன்டனெட் ஸ்டெர்லிங் பாடியது’ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் வருவதன் ரகசியம் இதுதான். போட்டிப் பதிப்பகமான சாப்பெல்லும் சும்மா இருக்கவில்லை, 1894-ல் தன் பங்குக்குக் கச்சேரி தொடங்கியது.

பாடகர் ஒரு பாட்டைப் பிடித்துப் பாடுகிறாரா, பென்ஸுக்காகப் பாடுகிறாரா என்று அன்றைய விமர்சகர்கள் கரித்துக்கொட்டினார்கள். கொட்டியதில் நியாயம் உண்டு. நிறைய மட்டமான பாட்டுகள் நல்ல குரல்களின் தயவால் விற்றன.

அப்படியானால் ‘த லாஸ்ட் கார்ட்’ (தொலைந்த சுரக்கூட்டு) பாட்டும் வெறும் வியாபாரம்தானா?

அதை மட்டும் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. கில்பர்ட்–சல்லிவன் என்ற நகைச்சுவை இசைநாடக ஜோடியில் இசையமைப்பாளரான ஆர்தர் சல்லிவன்தான் அதை உருவாக்கினார். அவருடைய அண்ணன் பிரெட் ஒரு நகைச்சுவை நடிகர். 1875-ல் அந்த ஜோடியின் ‘ட்ரயல் பை ஜூரி’ நாடகத்தில் நீதிபதி வேஷத்தில் ஊரைச் சிரிக்கவைத்தவர். 1877 ஜனவரியில் லண்டனின் புல்ஹாமில் அவர் சாகக் கிடந்தபோது, தம்பி பக்கத்தில் விழித்திருந்து, அடிலெய்ட் ப்ராக்டரின் கவிதை ஒன்றுக்கு இசை அமைத்தார். கையெழுத்துப் பிரதியில் இருக்கும் தேதி ஜனவரி 13. பிரெட் இறந்தது 18. அந்த மாதம் 31-ஆம் தேதியே ஆன்டனெட் ஸ்டெர்லிங் பூசி கச்சேரியில் அதைப் பாடிவிட்டார்.

கதை இதுதான். சோர்ந்துபோய் ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் விரலில் தற்செயலாக ஒரு சுரக்கூட்டு விழுகிறது. மனசு அப்படியே அடங்குகிறது. மறுபடி எவ்வளவு தேடியும் அது கிடைக்கவில்லை. செத்த பிறகு சொர்க்கத்தில் கேட்கலாம் என்று முடிகிறது. முதல் பகுதியில் பாடுகிறவருக்கு ஒரே சுரத்தைத்தான் திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கிறார் சல்லிவன். கீழே பியானோ மட்டும் ஆர்கன் மாதிரி நகர்ந்துகொண்டிருக்கும். பாட வராதவரும் அந்த இடத்தைப் பாடிவிடலாம், தேர்ந்தவர் பாடினால் மயிர்க்கூச்செறியும். லட்சக்கணக்கில் விற்றது இதனால்தான்.

1888 ஆகஸ்டில் எடிசனின் புதிய போனோகிராபை லண்டன் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டியபோது கார்னெட்டிலும் பியானோவிலும் வாசித்துப் போட்டுக்காட்டியதும் இந்தப் பாட்டைத்தான். இரண்டு மாதம் கழித்து சல்லிவனே அந்தக் கருவியில் பேசினார். வியப்பாக இருக்கிறது, ஆனால் எவ்வளவு மோசமான இசையெல்லாம் இனி நிரந்தரமாகப் பதிந்துவிடப் போகிறதோ என்று பயமாகவும் இருக்கிறது என்றார். இன்று அவர் எந்த ஆட்டோவிலாவது ஏறினால் என்ன சொல்வாரோ.

‘த ஹோலி சிட்டி’ பக்திப் பாட்டா, பார்லர் பாட்டா?

இரண்டும். 1892-ல் வந்தது. இசை ஸ்டீபன் ஆடம்ஸ் என்று அட்டையில் இருக்கும். அது புனைபெயர், ஆளின் பெயர் மைக்கேல் மேப்ரிக், லிவர்பூல்காரர், தானே பாரிடோன் பாடகர். வரிகள் பிரெடெரிக் வெதர்லி. வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கில் பாட்டு எழுதித் தள்ளியவர். பிறகு 1913-ல் ‘டேனி பாய்’க்கு வரிகள் தந்தவரும் இவரே.

அமைப்பு கச்சிதமானது. முதல் கனவில் குழந்தைகள் பாடும் எருசலேம். இரண்டாவதில் இருட்டு, சிலுவையின் நிழல். மூன்றாவதில் சூரியனே தேவைப்படாத புது நகரம். மூன்றிலும் பல்லவி ‘எருசலேம்’ என்று உச்சத்துக்கு ஏறும். கடைசி முறை பியானோ இரண்டு கையாலும் இடிக்க வேண்டும். ரசனை என்று பார்த்தால் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் வேலை செய்கிறது.

இந்த மேப்ரிக்கின் அண்ணன் ஜேம்ஸ்தான், 1889-ல் ஆர்சனிக் விஷத்தால் கொல்லப்பட்டதாக வழக்கு நடந்த பருத்தி வியாபாரி. மனைவி ப்ளாரன்ஸுக்கு முதலில் மரண தண்டனை விதித்து, பிறகு குறைத்து, 1904-ல் விடுதலை செய்தார்கள். வழக்கு நடந்து மூன்றே வருடத்தில் குடும்பத்திலிருந்து இந்தப் பாட்டு.

அமெரிக்காவில் இந்தத் தொழில் எப்போது பெருத்தது?

1891-க்குப் பிறகு. அந்த வருடச் சட்டம்தான் முதல்முறையாக வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமை தந்தது. அதுவரை ஆங்கிலேயர் பாட்டை ஒரு சென்ட் கொடுக்காமல் அச்சடிக்கலாம் என்றால், உள்ளூர்க்காரருக்கு யார் பணம் கொடுப்பார்கள்? இலவசச் சரக்கு நின்றதும் உள்ளூர்ச் சரக்குக்கு மவுசு வந்தது. 1890-களில் பதிப்பகங்கள் ஒவ்வொன்றாக மன்ஹாட்டனின் மேற்கு 28-ஆம் தெருவுக்குக் குடிவந்தன. எல்லா ஜன்னலிலிருந்தும் ஓட்டைப் பியானோக்களின் சத்தம் வந்ததால் அதற்கு ‘டின் பான் அலி’ (தகரச் சட்டிச் சந்து) என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

‘ஆப்டர் த பால்’ ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

ஐம்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது என்று சொல்லப்படும் பாட்டு அது. எழுதிய சார்லஸ் கே. ஹாரிஸ் மில்வாக்கியில் பான்ஜோ வாசித்துக்கொண்டு, ‘கேட்டால் பாட்டு எழுதித் தரப்படும்’ என்று பலகை மாட்டியிருந்த இளைஞர். நோட்ஸ் எழுதத் தெரியாது. மெட்டைப் பாடிக் காட்டுவார், இன்னொருவர் எழுதித் தருவார். அவருடைய முந்தைய பாட்டு ஒன்றுக்கு ஒரு பதிப்பகம் அனுப்பிய ராயல்டி மொத்தம் 85 சென்ட் என்று பின்னாளில் அவரே எழுதினார். அந்தக் கோபத்தில் அடுத்ததைத் தானே அச்சிட்டார்.

கதையைக் கேளுங்கள். ஒரு சின்னப் பெண் கிழவரின் மடியில் ஏறி, ஏன் தனியாக இருக்கிறீர்கள், வீடு குழந்தை இல்லையா என்று கேட்கிறாள். அவர் சொல்கிறார்: ஒரு காலத்தில் காதலி இருந்தாள். நடன விருந்தில் தண்ணீர் கேட்டாள். எடுத்துக்கொண்டு வந்தால், வேறு ஒருவன் அவளை முத்தமிட்டுக்கொண்டிருந்தான். டம்ளர் கைநழுவி உடைந்தது. விளக்கம் கேட்கவே இல்லை, போய்விட்டேன். அவள் செத்துப்போனாள். பல வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது: அந்த ஆள் அவளுடைய அண்ணன்.

ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் பாட்டே இல்லை! நம்முடைய பாதி மெகா சீரியல்களும் இந்த நூலில்தான் தொங்குகின்றன. ஆனால் கவனியுங்கள், இவ்வளவு சோகமும் துள்ளலான வால்ட்ஸ் மெட்டில் வருகிறது. சரணத்தில் கதை, பல்லவியில் எல்லோரும் சேர்ந்து பாட எட்டு வரி. கதை மறந்தாலும் பல்லவி மறக்காது. தாளை வாங்கவைப்பது அதுதான்.

மில்வாக்கியில் ஓடிய ‘எ ட்ரிப் டு சைனாடவுன்’ நாடகத்தில் இதைச் சொருகிப் பாட ஆல்ட்ரிச் லிபி என்ற பாடகருக்கு ஹாரிஸ் கைப்பணமும் பங்கும் கொடுத்தார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜான் பிலிப் சூசாவின் பேண்டு இதை வாசித்தது. கண்காட்சிக்கு வந்தவர்கள் ஊருக்குத் திரும்பும்போது நினைவுப் பொருளாகத் தாளை வாங்கிப் போனார்கள். ஹாரிஸ் கடைசிவரை பதிப்பாளராகவே வாழ்ந்து 1930-ல் இறந்தார்.

எழுதியவர்கள் எல்லோரும் இப்படிப் பணக்காரர் ஆனார்களா?

இல்லை. ஹாரிஸிடம் பதிப்புரிமை இருந்தது, அதுதான் வித்தியாசம். 1873-ல் வந்த ‘சில்வர் த்ரெட்ஸ் அமங் த கோல்ட்’, நரைத்த பிறகும் குறையாத கணவன்–மனைவி அன்பைப் பாடுகிறது. மெட்டமைத்த எச்.பி. டாங்க்ஸ் மனைவியைப் பிரிந்து வாழ்ந்து, 1903-ல் பிலடெல்பியாவில் ஒரு வாடகை அறையில் தனியாக இறந்துகிடந்தார். ‘ஆன் த பேங்க்ஸ் ஆப் த வாபாஷ்’ (1897) எழுதிய பால் டிரெஸ்ஸர், நாவலாசிரியர் தியோடர் டிரைசரின் அண்ணன், கை நிறைய சம்பாதித்து இரண்டு கையாலும் வாரிக்கொடுத்தவர். 1906-ல் கடனாளியாகச் செத்தார். ஏழு வருடம் கழித்து இண்டியானா அந்தப் பாட்டை மாநிலப் பாட்டாக்கியது.

பெண்கள் இசையமைத்தார்களா?

நிறையப் பேர். இந்தத் துறையில் பெண்களுக்குக் கதவு ஓரளவு திறந்திருந்தது, வீட்டுப் பியானோ அவர்கள் கையில்தானே இருந்தது. ஆனால் அட்டையில் பெயர் போடுவதில் தயக்கம். சார்லட் பர்னார்ட் ‘கிளாரிபெல்’ ஆனார். 1860-களிலேயே பூசியிடம் பிரதிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்ட முன்னோடி அவர். ஹெலன் ரோட்ஸ் ‘கை டி’ஹார்டிலோ’ என்று ஆண் போலத் தொனிக்கும் பெயரில் எழுதினார். மாட் வலேரி ஒயிட் மட்டும் சொந்தப் பெயரிலேயே நின்றார், மெண்டல்சன் உதவித்தொகை பெற்ற முதல் பெண். சிகாகோவில் கேரி ஜேக்கப்ஸ்-பாண்ட், டாக்டர் கணவர் இறந்த பிறகு, பதிப்பாளர்கள் கைவிரித்ததால் தானே பாட்டெழுதி, தானே அட்டைக்குப் படம் வரைந்து, தானே விற்று வென்றார்.

சினிமாவுக்கு முன்பே ‘படத்தோடு பாட்டு’ இருந்ததாமே?

ஆமாம். 1894-ல் எட்வர்ட் மார்க்ஸ், ஜோசப் ஸ்டெர்ன் என்ற இரண்டு விற்பனைப் பிரதிநிதிகள் (ஒருவர் பொத்தான் போன்ற சில்லறைச் சாமான், மற்றவர் கழுத்துப்பட்டை) சேர்ந்து ‘த லிட்டில் லாஸ்ட் சைல்ட்’ எழுதினார்கள். வழி தப்பிய குழந்தையைக் கண்டெடுக்கும் போலீஸ்காரருக்கு அது தன் மகளே என்று தெரிகிறது, பிரிந்த மனைவியும் சேர்கிறாள். ப்ரூக்ளினில் ஒரு தியேட்டர் மின்பணியாளர் இந்தக் கதைக்கு ஆட்களை நிறுத்திப் புகைப்படம் எடுத்து, கண்ணாடி ஸ்லைடாக்கி, பாட்டு நடக்கும்போது திரையில் காட்டினார். தாள் விற்பனை எகிறியது. அப்புறம் எல்லாரும் அதையே செய்தார்கள்.

‘கட்டணமின்றிப் பொதுவில் பாடலாம்’ என்று பழைய பாலட்டுகளில் அச்சிட்டிருக்கிறதே, ஏன்?

அதற்குப் பின்னால் ஒரு தொல்லைக்கார மனிதர் இருக்கிறார், ஹாரி வால். அனுமதியில்லாமல் பொதுவில் பாடினால் தடவைக்குக் குறைந்தது 40 ஷில்லிங் அபராதம் என்று 1833-ஆம் வருட நாடகச் சட்டத்தில் இருந்தது, பிறகு அது இசைக்கும் நீண்டது. வால் பாட்டுகளின் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, தர்மக் கச்சேரியில் பாவமாக ஒரு பாட்டுப் பாடியவர்களைத் தேடிப்போய் இரண்டு பவுண்டு கேட்டார். சனங்கள் பயந்துபோய் புதுப் பாட்டையே தொடாமல் விட, பதிப்பாளர்களுக்கு அடிவயிறு கலங்கியது. 1882-ல், பாடும் உரிமையை வைத்துக்கொள்ள நினைப்பவர் அதை அட்டையிலேயே அச்சிட வேண்டும் என்று சட்டம் வந்தது. 1888-ல் அபராதத் தொகையை நீதிபதியின் விருப்பத்துக்கு விட்டார்கள். பதிப்பாளர்கள் ஒரு படி மேலே போய், தாராளமாகப் பாடுங்கள், தியேட்டரும் மியூசிக் ஹாலும் மட்டும் வேண்டாம் என்று போட ஆரம்பித்தார்கள். பாடினால்தானே தாள் விற்கும்.

திருட்டுப் பிரதிகள் உண்டா?

திருட்டு விசிடி காலம் தோற்றது. அட்டையில் 4 ஷில்லிங் என்று போட்டு, கடையில் பாதிக்கு, அதாவது 2 ஷில்லிங்குக்கு விற்பது லண்டன் வழக்கம். அதையே போட்டோ-லித்தோ முறையில் நகலெடுத்து, தெருவில் கூவி 2 பென்ஸுக்கு விற்றார்கள். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆக பன்னிரண்டில் ஒரு பங்கு விலை! நூற்றாண்டு திரும்பியபோது இது தலைக்கு மேல் போனது. 1902-ல் போலீஸ் பறிமுதல் செய்ய வழி வந்தது. தள்ளுவண்டிக்காரன் தாள் போனது, அச்சடித்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘மக்கள் இசைப் பதிப்பகம்’ என்ற பெயரில் நடத்திய ஜேம்ஸ் வில்லட்ஸ், பதிப்பாளர்கள்தான் விலையை ஏற்றி ஏழைகளிடமிருந்து இசையைப் பறிக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே வாதாடினார். கடைசியில் சதி வழக்கில் தண்டனை பெற்றார். 1906 சட்டம் அச்சடிப்பதையே குற்றமாக்கியது. வில்லட்ஸ் திருடர்தான், ஆனால் விலை பற்றி அவர் சொன்னதைப் பொய் என்று சொல்ல முடியாது. அதன் பிறகு மலிவுப் பதிப்புகள் வந்ததே சாட்சி.

இவை சென்னைக்கு வந்தனவா?

1842-ல் தொடங்கிய மிஸ்க்வித் கடை மெட்ராஸில் வெள்ளைக்காரர் வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் பியானோவும் ஆர்கனும் சப்ளை செய்தது. இன்றைய மியூசி மியூசிகல் அதன் வாரிசு.

பழைய தாள் ஒன்று கையில் கிடைத்தால் வருடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

அமெரிக்கத் தாள் என்றால் முதல் இசைப் பக்கத்தின் அடியில் காப்புரிமை வருடம் இருக்கும், சில நேரம் ரோமன் எண்ணில். பிரிட்டிஷ் தாள்களில் முன்பு வருடமே போட மாட்டார்கள், பாட்டு பழசாகிவிட்டது என்று தெரிந்துவிடுமே. 1891 அமெரிக்கச் சட்டத்துக்குப் பிறகு அங்கே உரிமை வேண்டி வருடம் போடத் தொடங்கினார்கள். அதற்கு முந்தியது என்றால் பதிப்பாளர் முகவரியைப் பாருங்கள். பூசி, ஹோல்ஸ் தெருவில் இருந்தால் பழசு, 295 ரீஜன்ட் தெரு என்றால் 1870-களின் நடுவிலிருந்து. அளவும் துப்பு தரும்: அமெரிக்கத் தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில்தான் சின்னதாயின. அட்டையில் வண்ண லித்தோ படம் இருந்தால் விலை கூடும். உள்ளே நோட்ஸ் பக்கம் கிழிந்திருந்தாலும் அட்டைக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு.

எங்கே பார்க்கலாம், கேட்கலாம்?

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லெஸ்டர் லெவி தொகுப்பில் சுமார் 30,000 தாள்கள், இணையத்தில் இலவசமாக. நோட்ஸ் மட்டும் போதுமென்றால் ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இணைய நூலகம். சாண்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் போனோகிராபில் போட்டுக் கேட்ட பழைய மெழுகுச் சிலிண்டர் பதிவுகளை டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறது. கரகரப்பை மீறி ஐந்து நிமிடம் கேட்டால் காது பழகிவிடும்.

இவற்றை நான் பாடி யூடியூபில் போடலாமா?

போடலாம். இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 வருடம் வரைதான் காப்புரிமை. இருவர் சேர்ந்து உருவாக்கியது என்றால் கடைசியாக இறந்தவரைக் கணக்கில் எடுக்க வேண்டும். 1929-ல் இறந்த வெதர்லியும் 1930-ல் இறந்த ஹாரிஸும் எப்போதோ அந்த எல்லையைத் தாண்டிவிட்டார்கள். 1890-களில் வெளிவந்தவை அமெரிக்காவிலும் பொதுச்சொத்து. ஆனால் அண்மையில் ஒருவர் செய்த வாத்திய அமைப்புக்கும், அண்மையில் ஒருவர் பாடிய பதிவுக்கும் தனித்தனி உரிமை உண்டு. பழைய தாளைப் பார்த்து நீங்களே வாசித்தால் வம்பில்லை.